கூலியா? கொடையா?
(அயல்நாட்டு உணவகங்களில் ‘டிப்ஸ்’ வழக்கம்)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவன்

என் தந்தையார் ஓட்டலில் சப்ளையர். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே பெங்களூர் நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு சைவ ஓட்டலில் 22 ஆண்டுகளாகப் பரிமாறி வருகிறார். அந்த வட்டாரத்தில் பெரிய தொழிற்சாலைகள் வந்த பிறகு ஜப்பானியரும் கொரியரும் அமெரிக்கரும்கூட அவ்வப்போது அவருடைய மேசைக்கு வந்து அமர்வதுண்டு. அவர்களால் எங்கள் வீட்டில் எழுந்த ஓர் ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

சென்ற ஆண்டு ஒரு ஜப்பானியப் பொறியாளர் நாள்தோறும் காலை ஏழே முக்காலுக்கு வந்துகொண்டிருந்தார். இரண்டு இட்லி, ஒரு வடை, கடைசியில் காப்பி. பில் தட்டில் பணம் வைப்பார். மீதிச் சில்லறை வந்ததும் ஒரு ரூபாய்கூட விடாமல் எண்ணி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு எழுந்து நின்று, என் தந்தையாரைப் பார்த்து இடுப்புவரை குனிந்து வணங்குவார். இப்படியே இரண்டு மாதம்! அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. “நான் என்ன குறை வச்சேன்னு தெரியலையே தம்பி. கும்பிடு போடுறாரு, பத்து ரூபா வைக்க மாட்டேங்குறாரு” என்று என்னிடம் கேட்டார்.

அதே மாதத்தில் ஓர் அமெரிக்கர் ஒரே ஒரு நாள் வந்தார். பில் 310 ரூபாய். தட்டில் 60 ரூபாயை வைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் தொலைபேசியில் பேசியபடியே போய்விட்டார். “மகாராசன்!” என்றார் அப்பா.

ஒருவர் கஞ்சன், மற்றவர் கர்ணன் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. ஆனால் நூலகத்திலும் கைப்பேசியிலும் தேடிப் படிக்கப் படிக்க, இரண்டு முடிவுகளுமே தவறு என்று தெரிந்தது. அந்த இருவரும் தத்தம் ஊரில் அன்றாடம் செய்வதைத்தான் இங்கும் செய்திருக்கிறார்கள். அந்த ஊர் வழக்கங்களுக்குப் பின்னால் இருப்பது தாராள மனமோ கஞ்சத்தனமோ அன்று. ‘பரிமாறுகிறவனுக்குச் சம்பளம் யார் கொடுப்பது?’ என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் சொல்லி வைத்திருக்கும் விடைதான் அது.

முதலில் அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் பில் தொகையின்மேல் 15 முதல் 20 விழுக்காடு வரை டிப்ஸ் வைப்பது வழக்கம். சட்டம் அல்ல. ஆனாலும் வைக்காமல் எழுந்து போகிறவரை, நம்மூரில் பந்தியில் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் நழுவுகிறவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். நமக்கு இது வியப்பாக இருக்கலாம். அந்நாட்டுக் கூலிச் சட்டத்தைப் பார்த்தால் வியப்பு தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938-இல் வந்தது. உணவக ஊழியர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. 1966-இல் சட்டத்தைத் திருத்தி அவர்களைச் சேர்த்தார்கள். ஆனால் ஒரு கொக்கியையும் உடன் மாட்டினார்கள். டிப்ஸ் பெறுகிற தொழிலாளிக்கு முதலாளி குறைந்தபட்சக் கூலியில் பாதி கொடுத்தால் போதும். மறுபாதியை விருந்தினர் வைக்கும் டிப்ஸிலிருந்து வரவு வைத்துக்கொள்ளலாம் என்பதே அந்தக் கொக்கி. இதற்கு ‘டிப் கிரெடிட்’ என்று பெயர். 1991-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலர். அதில் பாதியாக 2.13 டாலர் என்று வைத்தார்கள். 1996-இல் இந்தப் பாதிக் கணக்கையும் அறுத்துவிட்டு, 2.13 டாலரை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். பொதுவான கூலி 2009-இல் 7.25 டாலராக உயர்ந்தது. பரிமாறுகிறவரின் 2.13 டாலர் மட்டும் 1991-இல் நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது!

கணித மாணவன் என்பதால் ஒரு சிறு கழித்தல் போட்டுப் பார்த்தேன். 7.25-இல் 2.13 போனால் மீதி 5.12 டாலர். எட்டு மணி நேர வேலைக்கு 40.96 டாலர். முதலாளி தன் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய இந்தத் தொகையை நாள்தோறும் மேசையில் அமர்பவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். டிப்ஸ் குறைந்துபோய்க் கணக்கு 7.25-ஐ எட்டாவிட்டால் முதலாளி ஈடு செய்ய வேண்டும் என்பது சட்டம். கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மின்னசோட்டா, மாண்டனா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்கள் இந்த ‘வரவு வைக்கும்’ முறையையே ஏற்கவில்லை. அங்கே டிப்ஸ் தனி, முழுக் கூலி தனி. ஆனால் அந்த மாநிலங்களிலும் விருந்தினர் அதே 15, 20 விழுக்காட்டைத்தான் வைக்கிறார்கள். பழக்கம் சட்டத்தைவிட வலியது போலும்.

இந்தப் பழக்கம் அந்நாட்டு மண்ணில் தோன்றியதன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பா சென்று வந்த அமெரிக்கப் பணக்காரர்கள் அங்கிருந்து கொண்டுவந்த நாகரிகம் இது. அது அவ்வளவு ஆழமாக வேர் பிடித்ததற்குக் காரணம் வேறு. 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் பலருக்கு உணவகங்களிலும் இரயில்களிலும் ஏவல் வேலைதான் கிடைத்தது. ‘உனக்குக் கூலி எதற்கு? வருகிறவர்கள் கொடுப்பார்கள்’ என்பதே முதலாளிகள் பலரின் எண்ணமாயிற்று. தூங்கும் வசதியுள்ள இரயில் பெட்டிகளை நடத்திய புல்மன் நிறுவனம் ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவரைப் பெட்டிப் பணியாளர்களாக வைத்திருந்தது. அவர்களுக்குச் சொற்பச் சம்பளம்; பிழைப்பு டிப்ஸை நம்பித்தான். பயணிகள் அவர்களில் எவரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. நிறுவன முதலாளியின் முதற்பெயர் ஜார்ஜ் என்பதால், பணியாளர் எல்லோருமே ‘ஜார்ஜ்’தான்! 1925-இல் ஃபிலிப் ராண்டால்ஃப் என்பவர் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு போராடி, 1937-இல் புல்மன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கண்டார்கள். அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது, டிப்ஸை நம்பி வாழாமலிருக்கப் போதுமான சம்பளம்.

இதைப் படித்தபோது என் தந்தையாரை மேசைக்கு மேசை ‘ஏய்’ என்றும் ‘சர்வர்’ என்றும் அழைக்கும் குரல்கள் என் காதில் கேட்டன. அது போகட்டும்.

டிப்ஸை எதிர்த்தவர்களும் அமெரிக்காவில் உண்டு. 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸ் கொடுப்பதையே தடை செய்து சட்டம் போட்டது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1916-இல் வில்லியம் ஸ்காட் என்பவர் ‘தி இட்சிங் பாம்’, அதாவது ‘அரிக்கும் உள்ளங்கை’ என்ற நூலை எழுதினார். டிப்ஸ் வாங்குவது மனிதனை அடிமை நிலைக்குத் தள்ளுகிறது, மக்களாட்சி நாட்டுக்கு அது இழுக்கு என்பது அவர் வாதம்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலாண்டுத் தேர்வு முடிந்த அன்று வகுப்புத் தோழர்கள் நால்வர் ஓட்டலுக்குப் போனோம். பில் 420 ரூபாய். நான் தட்டில் 20 ரூபாய் வைத்தேன். ஒருவன் என் கையைப் பிடித்தான். “டேய், அவருக்கு முதலாளி சம்பளம் குடுக்குறாரு. நீ காசு வச்சா அந்த மனுசனைப் பிச்சைக்காரன் ஆக்குறேடா” என்றான். அவன் கெட்டவன் அல்லன். உண்மையாக நினைத்துத்தான் சொன்னான். என் தந்தை என்ன வேலை செய்கிறார் என்பது அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அப்பா இரவு வந்ததும் சில்லறையை அதில்தான் கொட்டுவார். என் தேர்வுக் கட்டணமும் பேருந்துக் காசும் அந்தப் பாட்டிலிலிருந்து வந்தவை. அன்று எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

அந்த நண்பனும் இந்த மலரைப் படிப்பான். அவனுக்குச் சொல்கிறேன்: நீ சொன்னதையேதான் 1909-இல் அமெரிக்காவிலும் சொன்னார்கள். சொல்லிச் சட்டமும் போட்டார்கள். 1926-க்குள் அந்தச் சட்டங்கள் அத்தனையும் நீக்கப்பட்டன. டிப்ஸைத் தடுத்தார்களே தவிர, சம்பளத்தை உயர்த்த அந்தச் சட்டங்களில் வழியில்லை. இலையை எடுத்துவிட்டுச் சோறு போடாத கதைதான்.

இக்காலத்திலும் அங்கே முயற்சிகள் நடந்தன. நியூயார்க்கில் பல உணவகங்கள் நடத்தும் டேனி மேயர், டிப்ஸ் வேண்டாம், விலையிலேயே எல்லாம் அடக்கம் என்று 2015-இல் அறிவித்தார். 2020-இல் மறுபடியும் டிப்ஸுக்கே திரும்பினார். மெய்ன் மாநிலத்தில் 2016-இல் மக்கள் வாக்களித்து ‘வரவு வைக்கும்’ முறையைப் படிப்படியாக ஒழிக்க முடிவு செய்தார்கள். அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் பரிமாறுபவர்களே பலர்! நல்ல வியாபாரம் நடக்கும் இடத்தில் டிப்ஸ் சம்பளத்தைப் போலப் பல மடங்கு கிடைக்கிறதே, அது போய்விடுமோ என்ற அச்சம். 2017-இல் பழைய முறையே திரும்ப வந்தது. ஆகவே, ‘டிப்ஸ் தொழிலாளிக்குக் கேடு’ என்று ஒரே வரியில் முடித்துவிட இயலாது. கேடா நன்மையா என்பது எந்தக் கடை, எந்த மேசை, எந்த நேரம் என்பதைப் பொறுத்திருக்கிறது.

நல்ல கவனிப்புக்கு நல்ல டிப்ஸ் என்று சொல்லுவார்களே, அதாவது உண்மையா? உளவியல் ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கவனிப்பின் தரத்துக்கும் டிப்ஸ் தொகைக்கும் தொடர்பு உண்டு, ஆனால் மிகவும் மெலிந்த தொடர்பு என்பதே அவர்கள் கண்டது. 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேடிக்கையானது. பில்லின் பின்புறம் சிரிக்கும் முகம் ஒன்றை வரைந்து கொடுத்தபோது பரிமாறும் பெண்ணுக்கு டிப்ஸ் கூடியது. அதையே ஆண் வரைந்து கொடுத்தபோது கூடவில்லை! (அப்பாவிடம் இந்த யோசனையைச் சொல்லலாமென்று இருந்தேன். தப்பித்தேன்.)

ஐரோப்பாவுக்கு வருவோம். பிரான்சில் டிப்ஸுக்குப் பெயர் ‘பூர்புவார்’. குடிப்பதற்கென்று கொடுப்பது எனப் பொருள். ஜெர்மன் மொழியிலும் ‘ட்ரிங்கெல்ட்’, குடிக்காசு. நம்மூரிலும் ‘டீ செலவுக்கு வச்சுக்கோ’ என்கிறோம். மனிதர்கள் எங்கும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள்! பெயர் ஒன்றாயினும் கணக்கு வேறு. பிரெஞ்சு உணவகங்களில் விலைப் பட்டியலில் போட்டிருக்கும் விலையில் பரிமாறும் கட்டணமும் வரியும் அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. பட்டியலில் ‘செர்வீஸ் கொம்ப்ரி’ என்று எழுதியிருப்பார்கள். பணிவிடை உட்பட என்பது பொருள். அதன்மேல் மகிழ்ச்சியாக இருந்தால் ஓரிரு யூரோ நாணயங்களை வைத்துவிட்டு வரலாம். வைக்காவிட்டாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஜெர்மனியிலோ மேசையில் வைத்துவிட்டு வருவது மரியாதை ஆகாது. பில் 27 யூரோ என்றால், பணம் கொடுக்கும்போதே ‘30’ என்று சொல்லிவிட வேண்டும். மீதியை எண்ணித் தருவார்கள்.

இங்கிலாந்தில் பல உணவகங்கள், குறிப்பாக இலண்டனில், 12.5 விழுக்காடு சேவைக் கட்டணத்தைத் தாங்களே பில்லில் சேர்த்துவிடுகின்றன. விருப்பமில்லை என்றால் நீக்கச் சொல்லலாம். இந்தப் பணம் ஊழியர் கைக்குப் போகிறதா, முதலாளியின் கல்லாவிலேயே தங்குகிறதா என்று நெடுநாள் வழக்கு நடந்தது. 2023-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 2024 அக்டோபர் முதல் நாள் தொட்டு அந்தப் பணம் முழுவதும் ஊழியருக்கே சேர வேண்டும் என்று ஆக்கிவிட்டது.

நம்மில் பலருக்கு முதல் அயல்நாடு சிங்கப்பூராகத்தான் இருக்கும். என் தாய்மாமா அங்கே ஓர் உணவகத்தில் வேலை பார்க்கிறார். அங்கே விலைப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் கவனிக்க வேண்டும். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம். மற்றது பொருள் சேவை வரி, 2024 முதல் 9 விழுக்காடு. வரி, சேவைக் கட்டணத்தின்மேலும் சேர்த்தே கணக்கிடப்படும். “அந்தப் பத்து பெர்சென்ட் உங்களுக்கா மாமா?” என்று கேட்டேன். “முதலாளிக்குடா மாப்ளே. சாப்பிடுறவங்க எங்களுக்குன்னு நினைச்சுக்கிறாங்க” என்றார். அதை ஊழியருக்குப் பங்கிட வேண்டும் என்று அங்கே கட்டாயம் இல்லை. கடைக்குக் கடை வேறுபடும். அந்த 10 விழுக்காட்டைக் கொடுத்துவிட்டதால் தனியாக டிப்ஸ் வைப்பாரும் அரிது. ஹாக்கர் சென்டர் எனப்படும் பொது உணவங்காடிகளில் இந்தத் தொல்லை ஏதும் இல்லை. போட்ட விலை, கொடுத்த காசு, எடுத்த தட்டு.

பட்டியலில் ‘40’ என்று போட்ட சாப்பாட்டை நான்கு நாடுகளில் சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் விற்பனை வரி ஊருக்கு ஊர் மாறும். 8 விழுக்காடு வரி, 20 விழுக்காடு டிப்ஸ் எனக் கொண்டால் 40 டாலர் 51.20 ஆகிறது. சிங்கப்பூரில் 40 வெள்ளி, சேவைக் கட்டணத்தோடு 44, வரியோடு 47.96. பிரான்சில் 40 யூரோ 40 யூரோதான். ஜப்பானிலும் 4,000 யென் என்று போட்டிருந்தால் கொடுக்க வேண்டியது 4,000 யென். வரியோடு சேர்த்தே விலை காட்ட வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் அங்கே கட்டாயம்.

ஜப்பானுக்கு வந்துவிட்டோம், அப்பாவின் ஐயத்துக்கும் வந்துவிட்டோம். ஜப்பானிய உணவகங்களில் டிப்ஸ் வழக்கம் கிடையாது. மேசையில் பணத்தை விட்டுவிட்டு வந்தால், ஏதோ மறந்துவிட்டார் என்று எண்ணி, தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நன்றாகப் பரிமாறுவது வேலையின் பகுதி; அதற்குத் தனிக் காசு கொடுத்தால், ‘இல்லாவிட்டால் இவர் ஒழுங்காகச் செய்யமாட்டார் என்று நினைக்கிறாரா?’ என்று தோன்றக்கூடும். நன்றியைச் சொல்லால் சொல்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் ‘கொச்சிசோசமா’ என்று சொல்லி எழுவது வழக்கம். ரியோகான் எனப்படும் மரபுவழித் தங்கும் விடுதிகளில் மட்டும் பணிவிடை செய்பவருக்குச் சிலர் அன்பளிப்பு கொடுப்பதுண்டு. அதையும் வெறும் நோட்டாக நீட்டாமல் காகித உறையிலிட்டு, வந்த உடனேயே, இரண்டு கையாலும் கொடுப்பார்கள். ஜப்பானில் மறைமுகச் செலவே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ‘இசாகாயா’ என்ற குடிக்கடைகளில் கேட்காமலே ஒரு சிறு கிண்ணத்தில் தின்பண்டம் வரும். அதற்குப் பணம் உண்டு. இருக்கைக் கட்டணம் மாதிரி. கொரியாவிலும் டிப்ஸ் வழக்கம் இல்லை.

ஆக, அந்தப் பொறியாளர் சில்லறையை எண்ணி எடுத்துக்கொண்டது கஞ்சத்தனம் அன்று. அவர் கணக்கில் அந்தக் குனிந்த வணக்கம்தான் முழு மரியாதை. அமெரிக்கர் வைத்த 60 ரூபாயோ 310-இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அவர் ஊரில் தினமும் போடும் கணக்கை மனத்துக்குள் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரு ஞாயிறு மாலை, அப்பாவுக்கு வேலை இல்லாத நேரத்தில், இதையெல்லாம் சொன்னேன். 2.13 டாலர் கதையை அவர் மிகக் கவனமாகக் கேட்டார்.

“கடையில ஆளே வராத நாள்ல?”

“முதலாளி குறையை ஈடு பண்ணணும்ப்பா. சட்டம் இருக்கு.”

“சட்டம் இருக்கு. கேட்டா மறுநாள் வேலை இருக்குமா?”

எனக்கு விடை தெரியவில்லை.

பிறகு அவரே இங்குள்ள நிலைமையைச் சொன்னார். கைப்பேசியால் பணம் செலுத்தும் முறை வந்த பிறகு சில்லறை என்பதே இல்லாமல் போய்விட்டதாம். 185 ரூபாய் பில் என்றால், முன்பு 200 கொடுத்து 15-இல் பத்தை விட்டுப் போனவர்கள் இப்போது சரியாக 185-ஐ அழுத்திவிட்டுப் போகிறார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் நிரம்ப முன்பு ஒரு மாதம் ஆகும்; இப்போது நான்கு மாதம் ஆகிறது. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு! அங்கே பணம் செலுத்தும் கருவியின் திரையே 18, 20, 25 விழுக்காடு என்று காட்டி ‘எதை அழுத்துகிறீர்கள்?’ என்று கேட்கிறதாம். காப்பிக் கடையில் நின்றபடி வாங்கிப் போகிறவரிடமும் கேட்பதால் அங்குள்ளவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

நம் நாட்டில் உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறி வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அதை உறுதி செய்தார். விருப்பப்பட்டு வைப்பதற்குத் தடை இல்லை. அப்பாவின் ஓட்டலில் அந்தக் கட்டணம் என்றுமே இருந்ததில்லை. அவருக்கு இருப்பது மாதச் சம்பளமும் இரண்டு வேளைச் சாப்பாடும் பில் தட்டும்தான்.

ஜப்பானியப் பொறியாளர் இன்னும் வருகிறார். சில்லறையை எண்ணி எடுத்துக்கொள்கிறார். எழுந்து குனிகிறார். இப்போது அப்பாவும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதே அளவுக்குக் குனிகிறாராம். மேசை துடைக்கும் பையன் அதைப் பார்த்துச் சிரிக்கிறானாம்.